நாளைக்கு டெய்லரின் இருநூற்று நாற்பது தேக்கு

ஓடிப் போனானாம், ஓடி! ஓடிப் போகிறவன் கையிலிருந்த பதினேழு உருப்படியையும் தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டா ஓடுவான்? எதிர்வீட்டு டீச்சருக்குப் படிப்பு இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு, முன்வாசல் வழியாக, பக்கத்து வீட்டு நாயிடம்கூடச் சொல்லிவிட்டுப் போன ஒரு மனிதனை 'ஓடிப் போய்ட்டார்' என்று சொல்லலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள்?

"பெரியம்மா, எங்க மரத்துல கட்டியிருந்த துணியெல்லாம் அவுத்து எடுத்துக்கிட்டாரு. இப்ப ஆளையே காணோம். பத்தொம்பது நாளாச்சு. இதுக்குப் பேரு என்ன?" என்று வாசலில் நின்று கேட்டாள் டீச்சர்.

"இதுக்குப் பேரு வேலைக்குப் போறது. உங்க வீட்டுக்காரரும்தான் தினம் பஸ் ஏறிப் போறாரு. நாங்க யாராவது ஓடிட்டாருன்னு சொன்னோமா?"

"அவரு சாயங்காலம் வந்துடறாரே!"

"அது உங்க கஷ்டம்."

டீச்சர் போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியும். ஆனாலும் ஒருத்தி வாயையாவது மூடினோமே என்றிருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு யாருக்கு என்ன பேச வேண்டுமோ பேசிக்கொள்ளுங்கள்.

அவன் என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஒரு மிதி மிஷின், கதவுப் பலகையில் செய்த வெட்டு மேசை, சுவர் நெடுக அலமாரி. அலமாரியில் வெட்டாத துணிகள் மூட்டை மூட்டையாக, பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் போட்டிருப்பதுபோல வரிசையாகப் படுத்திருக்கும். நடுவறையில் அவனும் அவன் பெண்டாட்டியும். பின்னறையில் நான். பிள்ளைகுட்டி அவர்களுக்கு இல்லை. என் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள்.

தெருவில் அவனுக்குப் பெயர் 'நாளைக்கு'. யார் எப்போது வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பான். பொய் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது. சொல்லும்போது அவனே அதை நம்புவான், அதுதான் தொல்லை. ஒரு மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்க ஒப்புக்கொண்டான். கோட்டு போய்ச் சேர்ந்தபோது அந்த மாப்பிள்ளையின் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடை கொடுத்தால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் வரும். அது அவனுக்கே தெரியும் என்பதால் ஒரு சுற்றுப் பெரிதாகவே தைத்து வைத்திருப்பான். யாருக்கும் சட்டை பற்றாமல் போனதில்லை. தையலும் பிரிந்ததில்லை. அதனால்தான் திட்டிக்கொண்டே எல்லோரும் அவனிடமே வந்தார்கள்.

அவனுக்கு ஐம்பது வயதான வருடம், ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தான். ஆறு தடவை கோத்தான், ஆறு தடவையும் நூல் ஊசிக்குப் பக்கத்தில் இருந்த காற்றுக்குள் போனது. ஏழாவது தடவை தன் கட்டைவிரலையே குத்திக்கொண்டான்.

"அக்கா, ஊசியில காதே இல்லாம விக்கிறானுங்க," என்றான்.

நான் வாங்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தேன். தையற்காரனுக்கு ஓய்வூதியம் கிடையாது. கண் போனால் கடை போயிற்று. அதற்குப் பிறகு அவனும் அவளும் எதை வைத்து இருப்பார்கள்? அன்றைக்குப் பிடித்த கவலைதான் இத்தனைக்கும் வேர்.

அதே வாரம் மரவாடிக்காரர் வந்தார். ஊர் எல்லையில் மரம் அறுத்து விற்கிறவர். தன் பேண்ட்டுக்காக ஐந்தாவது தடவையாக வந்திருந்தார். காத்திருக்கிற நேரத்தில் ஏதோ பேச வேண்டுமே என்று பேசினார்: "தேக்கு வச்சா நல்ல மொதலு. நட்டு, ரெண்டு மூணு வருசம் தண்ணி காட்டி, பக்கக் கிளைய கழிச்சு விட்டுட்டா போதும். அப்புறம் வேலை ஒண்ணுமில்ல. இருவது வருசம் சும்மா காத்திருக்கணும். அவ்வளவுதான்."

என் தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கூலி கொடுக்கிற தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"கேட்டீங்களா அண்ணி," என்று உள்ளே வந்தாள் அவன் பெண்டாட்டி. "ஒரு சட்டைய ஒரு மாசத்துல குடுக்கத் துப்பில்ல. இருவது வருசத்துல மரம் குடுக்கப் போறாராம்."

"அதுல ஒரு நல்லது இருக்கு," என்றேன். "மரத்துக்கு யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க."

இடம் இருந்தது. எங்கள் அப்பா விட்டுப்போன நிலம், செங்கல் சூளையைத் தாண்டி, முள் மண்டிக் கிடந்தது. பாதி அவனுக்கு, பாதி எனக்கு. "என் பங்கையும் சேத்து நடுடா" என்று நான்தான் சொன்னேன். டீச்சர் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். அவன் யாரையும் ஏமாற்றிப் பிடுங்கவில்லை.

நாற்றுப் பண்ணைக்காரர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நூறு கன்று போதும் என்றார். கன்றுக்குக் கன்று ஆறடிக்குக் குறையாமல் விட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். தம்பி தலையைத் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் வெட்டு மேசையைத் துடைத்து, சாக்குக்கட்டியால் நிலத்தை வரைந்தான்.

"அக்கா, இங்க பாரேன். துணிய விரிச்சா எப்படி வெட்டுவோம்? ஒரு கை மேல பாத்துப் போனா அடுத்த கை கீழ பாத்து வரும். கழுத்து வெட்டுற எடத்துல காலர் உக்காந்துக்கும். ஒரு வெரக்கடை வீணாகாது. அந்தாளு நெலத்த வீணடிக்கச் சொல்றாரு. எனக்கு இதுல எரநூத்தி நாப்பது நிக்குது."

"டேய், துணி வளராதுடா. மரம் வளருமே?"

"வளரட்டும். மேலதான வளரும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் தப்பான நாளில்.

வந்து இறங்கியவை கன்றுகள்கூட இல்லை, வெறும் குச்சிகள், முள்ளங்கிக்கு மீசை முளைத்த மாதிரி. "இதையா வாங்கிட்டு வந்தீங்க? அடுப்புல வச்சாகூட ஒரு வேளைக்குக் காணாது" என்றாள் பெண்டாட்டி. திட்டிக்கொண்டே பாதியை அவள்தான் நட்டாள். மழை வந்தது. குச்சிகள் துளிர்த்தன. இரண்டாம் வருடம் இலைகள் முறம் அகலத்துக்கு வந்தன. தம்பி தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பான். அதனால் தையல் இன்னும் தாமதமாயிற்று.

தேக்குக் கொழுந்தைக் கையில் கசக்கினால் ரத்தம்போலச் சிவப்பாக ஒட்டும். அது அவனுக்குத் தெரியாது. கசக்கிய கையோடு வந்து, டீச்சர் வீட்டுக்காரரின் புது வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினான். முதுகில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன, யாரோ கொலை செய்துவிட்டுத் தட்டிக்கொடுத்த மாதிரி. துவைத்துப் பார்த்தான், தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. கடைசியில் கறையின்மேல் ஒரு பை வைத்துத் தைத்துவிட்டான். சட்டைக்கு முதுகில் பை! அந்த மனிதர் பாவம், அதையும் போட்டுக்கொண்டு போனார். பஸ்ஸில் கண்டக்டர் அதற்குள் மிச்சச் சில்லறையைப் போட்டுவிடுவாராம். எடுத்துத் தர வீட்டில் டீச்சர் வேண்டும்.

அந்தச் சட்டைக்காகத்தான் முதல் மரம் கைமாறியது. டீச்சர் சண்டைக்கு வந்தபோது தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், என் தோப்புல ஒரு தேக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டான். டீச்சர் கோபம் தணிந்து போனாள். அது அவனுக்கு ருசியாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு தாமதமான ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு மரம். கல்யாணத்துக்கு அழைத்தால் ஒரு மரம். குழந்தை பிறந்தால் ஒரு மரம். டீச்சருக்கு மட்டும் நாலு மரம் சேர்ந்தது என்றால் அவள் வீட்டுத் துணி எவ்வளவு நாள் இங்கே கிடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்படியே நூற்றிருபது மரம் ஊருக்குப் போயிற்று. மீதி நூற்றிருபதுதான் அவனுக்கு.

எந்த மரம் யாருடையது என்று தெரிய வேண்டுமே? அந்தந்த வீட்டுத் துணியின் மிச்சத்திலேயே ஒரு பட்டை வெட்டி, மரத்தைச் சுற்றிக் கட்டித் தைத்துவிட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் துணியைப் பார்த்து ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரரைச் சொல்வேன். கோடு போட்டது கண்டக்டருடையது, பூப்போட்டது தபால்காரர் மகளுடையது.

இதில்தான் அவன் மாட்டிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் மரங்களைப் பார்க்க வந்தாள். ஒன்றின் இடுப்பில் நீலக் கட்டம் போட்ட துணி.

"இது என் ஜன்னல் திரைத் துணியாச்சே! அன்னிக்கு மிச்சமே இல்லன்னீங்க?"

"மரத்துக்கு ஆகும்னு எடுத்து வச்சேன் டீச்சர்."

"அப்ப உங்ககிட்ட மரமே கிடையாதே! அது தச்சு ஆறு வருசம் ஆவுது!"

"எல்லாம் ஒரு முன்யோசனைதான் டீச்சர்."

எந்தத் தையற்காரன் வீட்டில்தான் மிச்சத் துணி இல்லை? ஒரு சாண் துணியை எடுத்தவன் ஒரு மரத்தைத் திருப்பிக் கொடுத்தான். எடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்த திருடனை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம்.

மாதம் ஒரு தடவை டேப்போடு போய் எல்லா மரத்துக்கும் அளவெடுப்பான். மரத்தின் சுற்றளவை ஆள் நெஞ்சு உயரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று மரவாடிக்காரர் சொன்னாராம். "பாத்தியா அக்கா, முப்பது வருசமா மார்பளவு எடுத்தது வீண் போகல" என்று பூரித்துப் போனான். அளவு நோட்டில் சட்டைகளுக்கு நடுவே மரங்களும் இருக்கும். ஒரு தடவை பக்கம் மாறிப் போய், தபால்காரருக்கு ஒரு மரத்தின் அளவில் சட்டை தைத்துவிட்டான். உள்ளே போன கை வெளியே வரவில்லை.

"இத்தன வருசத்துல எனக்கு ஒரு தடவ அளவெடுத்துத் தச்சிருக்கீங்களா?" என்று பெண்டாட்டி கேட்டாள்.

"உன் அளவு எனக்கு மனப்பாடம்."

"அது கல்யாணத்தப்ப இருந்த அளவு."

மரங்கள் என்னவோ உயர்ந்துகொண்டே போயின. எட்டாம் வருடம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் இரண்டு வருடமாக நோட்டில் மார்பளவு ஏறவே இல்லை. தம்பி டேப்பின்மேல் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினான். அதுவும் அதையே சொன்னது. பிறகுதான் மரவாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன்.

அவர் உள்ளே நுழையப் பார்த்தார். தொப்பை இரண்டு மரத்துக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. நானும் தம்பியும் சேர்ந்து பின்னால் இழுத்தோம்.

"யோவ், இது தோப்பா? ஊதுவத்திக் கட்டு!" என்றார் மூச்சு வாங்க. "வெளிச்சத்துக்கு ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு நெட்டையாப் போயிருக்கு. ஒண்ணுக்குக்கூட உள்ள வைரம் ஏறாது. இந்தக் கோடையிலயே ஒண்ணுவிட்டு ஒண்ணு கழிச்சுடு. நூத்தியிருவது நின்னா, அது மரம். கழிக்காம விட்டியோ, பன்னெண்டு வருசம் கழிச்சு எரநூத்தி நாப்பது கொடிக்கம்பம் இருக்கும். உன் இஷ்டம்."

தம்பி ஓரத்து மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான். முதுமைக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

விஷயத்தைச் சொல்ல, தன்னிடம் மரம் வாங்கியவர்களைக் கடைக்கு அழைத்தான். தெருவே வந்துவிட்டது. வெட்டு மேசைமேல் நாலு பேர், மிஷின்மேல் ஒருவர்.

"என் மரம் என் பொண்ணு கல்யாணத்துக்குக் குடுத்தது. அத வெட்டினா அவளுக்கு ஆவாது," என்றார் தபால்காரர்.

"என் மரம் கோணலா இருக்கு, அதனால அது தனியா வளரும்," என்றார் கண்டக்டர். அதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று எழுந்தாள் டீச்சர். "பாதிதானே வெட்டணும்? பாதி உங்களோடதுதானே? உங்க நூத்தியிருவதையும் வெட்டிடுங்க. எங்களோடது நிக்கட்டும். கணக்குச் சரியா வருது."

எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்குச் சரியாகத்தான் வந்தது. தம்பி மட்டும்தான் அதில் மிச்சம் இல்லை. அவன் வழக்கப்படி, "நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

கூட்டம் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "டேய், நீ குடுத்தது வளர்ந்த மரமா? குச்சியத்தானே குடுத்தே? தண்ணி ஊத்தினது யாரு? உன் பொண்டாட்டி முதுகுதானே ஒடிஞ்சுது? இதுக்கு நீ சரின்னு சொன்னியோ, என் பங்கு நெலத்தத் திருப்பிக் குடுத்துடு. எருமை கட்டிக்கிறேன்."

"குடுத்தது குடுத்ததுதானே அக்கா. பேச்சு மாற முடியுமா?"

"மாறாதே. தையல் தப்பாப் போனா என்ன பண்ணுவே?"

"பிரிச்சுத் தைப்பேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஒரு பிளேடை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் பெரிய துணிப்பையை எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே போய் நூற்றிருபது பட்டையையும் தையல் பிரித்து எடுத்தோம். ஆகவே, டீச்சர், அவன் மட்டும் எடுக்கவில்லை, பையைப் பிடித்தது நான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அத்தனையையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒரே விரிப்பாகத் தைத்தான். மூன்று நாள் என்று சொல்லி மூன்றே நாளில் முடித்தான். அவன் சொன்ன நாளில் முடித்த முதல் உருப்படி அது. ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது நான்தான். கடை வாசலில் அதைத் தொங்கவிட்டதும் தெரு கூடி, அவரவர் துணியைத் தேடித் தொட்டுப் பார்த்தது.

"இனிமே தனித்தனி மரம் கிடையாது," என்றான் தம்பி. "தோப்பு மொத்தமும் ஒரே துணி. நோஞ்சான் எதுவோ அதக் கழிப்பேன், யாரோடதுன்னு பாக்க மாட்டேன். கடைசியில நிக்கிறதுல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. ஒரு மரம் வாங்கினவங்களுக்கு அரை மரம்."

"அரை மரத்த நெடுக்க அறுப்பியா, குறுக்க அறுப்பியா?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்கு வேணும்னா கோணலா அறுத்துத் தரேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தபால்காரர்கூட, எந்த மரம் வெட்டுப்பட்டது என்று தெரியாவிட்டால் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒத்துக்கொண்டார். டீச்சர் மட்டும், "எனக்கு நாலு ரெண்டாச்சே" என்றாள்.

"ரெண்டும் உத்தரமாகும் டீச்சர். நாலும் நின்னா ஒட்டடைக் கம்புதான்," என்று மரவாடிக்காரர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார். டீச்சர் விடுவிடென்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடிப் போன கதை அங்கேதான் முளைத்தது.

வெட்டுகிறவர்களைத் தனியாக விட்டால் குறி மாற்றி நல்ல மரத்தைச் சாய்த்துவிடுவார்கள் என்று தம்பிக்குப் பயம். தோப்போரம் கொட்டகை போட்டு, முடியும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தான். போவதற்கு முன்னால் ஒரு வாரம் மிஷின் ஓயவே இல்லை. பதினேழு உருப்படியும் முடிந்தது. அலமாரியைக் காலியாகப் பார்த்துப் பெண்டாட்டி பயந்துபோய், "உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கிளம்பிய அன்று குளித்து, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டான். மரத்தில் குறிபோடச் சாக்குக்கட்டியைக் காதில் செருகினான். ஒரு கையில் ரம்பம், ஒரு கையில் அளவு நோட்டு. பக்கத்து வீட்டு நாய் வாசலில் படுத்திருந்தது. "வரேன்டா" என்று அதனிடம் சொல்லித் தாண்டினான். என்னிடம் வந்து, "அக்கா, கடைசி உருப்படி டீச்சரோட கவுன். அவங்க கதவத் தொறக்கல. ஜன்னல் கம்பியில மாட்டிட்டேன். மிச்சத் துணியையும் பையில வச்சுட்டேன்" என்றான்.

"மாறிட்டியேடா" என்றேன்.

பெண்டாட்டி படியில் நின்று, "ஏங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு," என்றான் அவன், அதே நம்பிக்கையான முகத்தோடு.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு மாசத்துக்குத் துணி வேணும் அண்ணி!" என்று உள்ளே ஓடினாள். அவள் சட்டைகளை அள்ளிக்கொண்டு வருவதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான்.